இது குதிரையா, துப்பாக்கியா? தஞ்சாவூர் மோடி ஆவணங்களை இனி யார் படிப்பது?

ஒரு சின்ன டெஸ்ட். சுமார் 200 வருஷத்துக்கு முந்தைய மராத்திக் கணக்குத் தாள் ஒன்று உங்கள் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு வரி: ‘கோடா 1, பழுது பார்த்த கூலி’. மராத்தியில் கோடா என்றால் குதிரை. சரி, குதிரையை யாராவது பழுது பார்ப்பார்களா?

அங்கேதான் விஷயம். பழைய துப்பாக்கியில் விசையை இழுத்ததும் முன்னால் பாய்ந்து அடிக்கிற பாகம் ஒன்று உண்டு. மராத்தியில் அதற்கும் பேர் கோடாதான். தமிழிலும் அதைக் ‘குதிரை’ என்றுதான் சொல்வோம். அப்படிப் பார்த்தால் இது லாயத்துக் கணக்கு இல்லை, துப்பாக்கிக் கொல்லரின் கணக்கு.

அடுத்த வரி: ‘தாரு 2 சேர்’. தாரு என்றால் மராத்தியில் சாராயம், வெடிமருந்து இரண்டுமே. தமிழில் வைத்தியர் கொடுக்கிறதும் மருந்து, துப்பாக்கியில் போடுகிறதும் மருந்து இல்லையா, அது மாதிரி. இப்ப சொல்லுங்க, அந்த 2 சேர் எதுக்கு வாங்கியது?

இந்த இரண்டு வரியும் நாம உதாரணத்துக்கு எழுதியவை. ஆனா சிக்கல் நிஜமானது. தஞ்சாவூரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுகளில் இந்த மாதிரிக் கணக்குத் தாள்கள் இருக்கின்றன. எழுதியிருக்கிற எழுத்தைப் படிக்கவே தனிப் பயிற்சி வேண்டும். படித்த பிறகு, அது என்ன பொருள் என்று சொல்ல இன்னொரு வகை அறிவு வேண்டும். இரண்டும் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. ‘ஏஐ வந்துடுச்சே, அது பார்த்துக்கும்’ என்று நினைக்கிற இந்த நேரத்தில், இதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமா பேச வேண்டியிருக்கிறது.

முதல்ல, மோடி ஆவணம்னா என்ன?

பிரதமர் பேருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மராத்தியில் இரண்டுக்கும் வேறு வேறு எழுத்து. தமிழில் எழுதும்போது ஒரே மாதிரி ஆகிவிடுகிறது, அவ்வளவுதான். மோடி என்பது மராத்தி மொழியை வேகமாக எழுதப் பயன்பட்ட ஒரு எழுத்து முறை. தேவகிரி யாதவர்களின் அமைச்சர் ஹேமாத்ரி 13-ம் நூற்றாண்டில் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார் என்பது மராத்தியர்களிடம் வழங்கும் மரபு. மகாராஷ்டிராவில் 20-ம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கச்சேரியிலும் கடையிலும் இது புழக்கத்தில் இருந்தது. பிறகு இன்று இந்திக்கும் பயன்படுகிற தேவநாகரி எழுத்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

அது எப்படித் தஞ்சாவூருக்கு வந்தது? சத்ரபதி சிவாஜியின் தம்பி ஏகோஜி 1670-களில் தஞ்சாவூரைப் பிடித்தார். அதிலிருந்து 1855 வரை இங்கே போன்ஸ்லே வம்சத்து ஆட்சி. ஊர் தமிழ் பேசியது, நாயக்கர் காலத்திலிருந்து தெலுங்கு இருந்தது, அரண்மனைக் கணக்கோ மராத்தியில், மோடி எழுத்தில் ஓடியது. யாருக்கு எவ்வளவு கூலி, சத்திரத்துக்கு எத்தனை கலம் நெல், எந்தப் பொருளை யாரிடம் வாங்கினோம் என்கிற அன்றாட விஷயங்கள்தான் பெரும்பாலும்.

தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தைச் சேர்ந்த மராட்டிய அரசு ஆவணக் கட்டுகளின் எண்ணிக்கையாகச் சொல்லப்படுவது 1,342. ஒரு கட்டு என்பது ஒரு தாள் இல்லை, தாள்களின் மூட்டை. பெரிய கோயிலின் சுவரில் இரண்டாம் சரபோஜி 1803-ல் வெட்டவைத்த போன்ஸ்லே வம்ச வரலாற்றைப் பலரும் போய்ப் பார்க்கிறோம், செல்ஃபி எடுக்கிறோம். அது ராஜா தன்னைப் பற்றி ஊருக்குச் சொல்ல நினைத்த கதை. கணக்குக் கட்டுகளில் இருப்பது, யாருக்கும் காட்டுவதற்காக எழுதாத விஷயம். சரித்திரத்துக்கு இரண்டும் வேண்டும். ஆனா பொய் சொல்ல அவசியம் இல்லாத இடம் பெரும்பாலும் இரண்டாவதுதான்.

படிக்க ஏன் இவ்வளவு கஷ்டம்?

ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

எழுத்து: தேவநாகரியில் சொல்லை எழுதிவிட்டு மேலே கோடு போடுவார்கள். மோடியில் முதலில் தாளின் குறுக்கே முழுக் கோட்டையும் இழுத்துவிட்டு, அதிலிருந்து எழுத்துகளைத் தொங்கவிடுவார்கள். பேனாவை முடிந்தவரை எடுக்கவே மாட்டார்கள். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இருக்காது. குறில் இகரம், நெடில் ஈகாரம் வித்தியாசம் கிடையாது. உகரம், ஊகாரத்துக்கும் அப்படித்தான். இதைக் கேட்டு ஆச்சரியப்பட வேண்டாம். நம்ம ஓலைச்சுவடியிலும் புள்ளி வைக்க மாட்டார்கள், எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வித்தியாசம் தெரியாது, காலும் ரகரமும் ஒன்று போலவே இருக்கும். வேகமாக எழுதுகிறவர்கள் படிக்கிறவருக்கு விஷயம் ஏற்கெனவே தெரியும் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறார்கள். வாட்ஸ்அப்பில் நாம் எழுதுகிற தங்லீஷை 200 வருஷம் கழித்து ஒருவர் படிக்கிற மாதிரி யோசித்துப் பாருங்கள்.

தேதி: மராட்டிய ஆவணங்களில் சுகூர் என்கிற ஆண்டு முறை வரும். அதுவும் எண்ணில் இல்லை, அரபிச் சொற்களில். உதாரணமாக ‘சலாஸ் மயாதைன் அலஃப்’. சலாஸ் என்றால் 3, மயாதைன் என்றால் 200, அலஃப் என்றால் 1000. கூட்டினால் 1203. அதனோடு 599 சேர்த்தால் 1802. ஆனா சுகூர் வருஷம் மே கடைசி, ஜூன் வாக்கில் பிறக்கும். அதனால் ஜனவரி முதல் மே வரையிலான மாதம் என்றால் 600 சேர்த்து 1803 என்று கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் இருக்கிற ஒரு மராத்தித் தாளின் தேதியைக் கண்டுபிடிக்க அரபி எண்கள் தெரிய வேண்டும்!

அளவு: டெல்டாக்காரர்களுக்கு இது கொஞ்சம் பழக்கமான இடம். இன்றைக்கும் நிலத்தை ஏக்கரில் சொல்லாமல் ‘அஞ்சு மா’, ‘ரெண்டு வேலி’ என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. நெல்லுக்கு 8 படி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம். இரும்பு, பித்தளைக்கு 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு. சென்னை மணங்கு சுமார் 25 பவுண்டு, அதாவது 11 கிலோ சொச்சம். அதே பேரில் வங்காளத்தில் இருந்த மணங்கு சுமார் 82 பவுண்டு, 37 கிலோ. ‘10 மணங்கு இரும்பு’ என்று ஒரு வரியைச் சரியாகப் படித்துவிட்டு, தவறான மணங்கைப் போட்டால் கணக்கு மூன்று மடங்குக்கு மேல் தப்பாகிவிடும். எழுத்துப் பிழையே இல்லாமல்!

பின்னம்: தமிழ்க் கணக்கில் கால், அரை, முக்காலோடு முடியாது. மாகாணி 1/16, மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி. இவை யூனிகோடில் சேர்ந்ததே 2019-ல்தான். மோடி எழுத்து சேர்ந்தது 2014-ல். அதற்கு முன்பு, இந்த எழுத்தில் ஒரு வரியைக் கணினியில் பொதுவான முறையில் சேமிக்கக்கூட வழி இல்லை.

ஆயுதங்கள் இருக்கின்றன, செய்தவர்கள் எங்கே?

இப்ப துப்பாக்கிக்கு வருவோம். தஞ்சாவூர் கீழவாசல் பக்கம் பீரங்கி மேட்டில் ராஜகோபால பீரங்கி இருக்கிறது. ரகுநாத நாயக்கர் காலத்தது என்பார்கள், அதாவது 17-ம் நூற்றாண்டின் முற்பகுதி. நீளம் ஏழரை மீட்டர், எடை சுமார் 22 டன். ஐ.ஐ.டி. கான்பூர் பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியமும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் 2004-ல் இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். இது அச்சில் உருக்கி ஊற்றியது இல்லை. நீளவாக்கில் இரும்புப் பட்டைகளை அடுக்கி, அவற்றின் மேல் இரும்பு வளையங்களைச் சூடாக மாட்டி, அடித்து அடித்தே ஒட்டவைத்த பீரங்கி. 22 டன் இரும்பை உலையில் காய்ச்சி அடிக்க எத்தனை கொல்லர்கள், எவ்வளவு கரி, எத்தனை மாசம்? பீரங்கியைப் பார்த்து உலோகத்தைப் பற்றி நிறையச் சொல்ல முடிகிறது. ஆட்களைப் பற்றிச் சொல்ல, கணக்கு வேண்டும்.

அரண்மனை வளாகத்தில் உயரமாக நிற்கிற கூடகோபுரத்தை ஆயுத கோபுரம் என்றும் சொல்வார்கள். 1855-ல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும் கிழக்கிந்தியக் கம்பெனி அரசை எடுத்துக்கொண்டது. அரண்மனைச் சொத்தையும் சேர்த்தேதான். ராணி காமாட்சி பாய் சாகிபா அதை எதிர்த்து நடத்திய வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1859-ல் ‘இது அரசு செய்த செயல், நீதிமன்றம் தலையிட முடியாது’ என்று தீர்ப்பு வந்தது. இன்றும் சட்டக் கல்லூரியில் படிக்கிற வழக்கு இது.

ஆயுதசாலை கலைக்கப்பட்டது அதன் பிறகுதான். ஒரு பகுதி சென்னை அருங்காட்சியகத்துக்குப் போனது. எழும்பூரில் இருக்கிற ஆயுதங்களில் பெரும் பங்கு தஞ்சாவூரிலிருந்து வந்தது. மீதியில் பெரும்பாலானவை உடைத்துப் பழைய இரும்பாகக் கழிக்கப்பட்டன. எம்.ஜே. வால்ஹவுஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி 1878-ல் ‘இந்தியன் ஆன்டிகுவரி’ இதழில் தஞ்சாவூர் ஆயுதசாலையைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். பிரிட்டிஷ் ஆய்வாளர் ராபர்ட் எல்குட் 2004-ல் தென்னிந்திய ஆயுதங்களைப் பற்றி வெளியிட்ட புத்தகத்தில் இந்தச் சேகரிப்புக்கு முக்கிய இடம் உண்டு.

ஆக, பொருள் சென்னையில், தாள்கள் தஞ்சாவூரில். நடுவில் 300 கிலோமீட்டருக்கு மேல் தூரம். ஒரு துப்பாக்கியையும் ஒரு கணக்கு வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற வேலைதான் மிச்சம்.

ஒரு துப்பாக்கிக் கொல்லர் கணக்கு என்ன சொல்லும்?

வெளிநாட்டில் இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. லண்டனில் 1814-ல் தொடங்கிய பர்டி கம்பெனி, வாடிக்கையாளர் அளவுக்கே துப்பாக்கி செய்து தரும் கடை. தையல் கடையில் சட்டைக்கு அளவு எடுக்கிற மாதிரி, கைநீளம், தோள் பார்த்துச் செய்வார்கள். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு எண், அந்த எண்ணுக்குக் கடைப் பேரேட்டில் ஒரு பதிவு. இன்றைக்கு ஒரு பழைய துப்பாக்கி கிடைத்தாலும், எண்ணைப் பார்த்து யாருக்குச் செய்தது, எந்த வருஷம், என்ன அளவு என்று தேடிச் சொல்ல முடிகிறது. துப்பாக்கி மட்டும் இருந்தால் அது ஒரு பழைய பொருள். பேரேடும் சேர்ந்தால் அதற்கு ஒரு ஜாதகம் கிடைத்துவிடுகிறது.

தஞ்சாவூர் மாதிரி அரசுகளில் தனிக்கடைக்குப் பதில் அரண்மனையே பட்டறையை நடத்தும். மராத்தியில் ஆயுதசாலைக்கு சிலேகானா, பீரங்கித் துறைக்கு தோப்கானா, மருந்துக் கிடங்குக்கு தாரூகானா, பட்டறைக்குக் கார்கானா. கொல்லர் கூலி, வாங்கிய இரும்பு, குழலுக்குப் பித்தளைப் பூண், கட்டைக்கு மரம் என்று யாராவது எழுதிவைத்திருந்தால், அதைத் தேட வேண்டிய இடம் இந்தத் தலைப்புகள்தான். ‘கோடா’ பற்றிய ஒரு வரிகூட இங்கே பெரிய சாட்சி ஆகலாம். ஏன்னா, திரியைப் பற்றவைத்துச் சுடுகிற பழைய துப்பாக்கியின் அமைப்பு வேறு, சக்கிமுக்கிக் கல்லைப் பிடித்து அடிக்கிற துப்பாக்கியின் அமைப்பு வேறு. உள்ளூர்க் கொல்லர் எந்த வருஷம் எதைப் பழுது பார்த்தார் என்று தெரிந்தால், புதுத் தொழில்நுட்பம் எப்போது இங்கே கைக்கு வந்தது என்றே தேதி போட்டுச் சொல்லலாம்.

இது வெறும் துப்பாக்கிப் பிரியர்களின் விஷயமும் இல்லை. 1799 ஒப்பந்தத்தில் சரபோஜி ராஜ்ஜிய நிர்வாகத்தைக் கம்பெனியிடம் கொடுத்தார். மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட பிறகு, 1801 டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் தெற்கத்திப் பாளையங்களில் ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்லிப் பிரகடனம் வெளியிட்டார். 1878-ல் ஆயுதச் சட்டம் வந்து லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்க முடியாது என்றானது. ஒரு தொழில் கண் முன்னால் சுருங்கிய கதை இது. அந்தப் பட்டறைக்காரர்கள் பிறகு எதைச் செய்து பிழைத்தார்கள் என்ற கேள்விக்கு அரசு உத்தரவுகளில் பதில் இருக்காது. இருந்தால் கூலிக் கணக்கில்தான் இருக்கும்.

ஏஐ படிச்சிடாதா?

நல்ல செய்தி முதலில். 2025-ல் ஐ.ஐ.டி. ரூர்க்கி ஆய்வாளர்கள் மோடி எழுத்தை தேவநாகரியாக மாற்றுகிற ஏஐ முறை ஒன்றை வெளியிட்டார்கள். அதற்காக 2,000-க்கும் மேற்பட்ட மோடி ஆவணப் படங்களையும், நிபுணர்கள் சரிபார்த்த தேவநாகரி வடிவத்தையும் சேர்த்துப் பொதுவில் வைத்தார்கள். பெரிய முயற்சி, பாராட்ட வேண்டியது.

இன்னொரு உதாரணம் நம்ம ஊருக்கே சம்பந்தப்பட்டது. நாகப்பட்டினம் 1658-லிருந்து 1781 வரை டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. சோழமண்டலக் கரையில் அவர்களின் தலைமையிடமாகவும் ஆனது. டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் கையெழுத்துப் பக்கங்கள் பல லட்சக் கணக்கில் ஏஐ மூலம் எழுத்தாக மாற்றப்பட்டு, நெதர்லாந்தில் ஆன்லைனில் தேடக் கிடைக்கின்றன. திருவாரூர் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தபடியே, 18-ம் நூற்றாண்டு டச்சுத் தாள்களில் நாகப்பட்டினம் எங்கெல்லாம் வருகிறது என்று போனில் தேடலாம். பக்கத்து ஊர் அரண்மனையின் கூலிக் கணக்குக்கும் அப்படி ஒரு தேடல் பெட்டி வேண்டாமா?

ஆனா ஏஐ எப்படிக் கற்றுக்கொள்கிறது என்பதைக் கவனிக்கணும். ஐரோப்பாவில் பரவலாகப் பயன்படும் ‘ட்ரான்ஸ்கிரிபஸ்’ என்ற கையெழுத்து வாசிப்புத் தளம், ஒரு புதுக் கையெழுத்தைப் பழக்க 5,000 முதல் 15,000 சொற்கள் வரை மனிதர்கள் வரிக்கு வரி படித்துக் கொடுக்க வேண்டும் என்கிறது. பக்கக் கணக்கில் 25 முதல் 75 பக்கம். கேட்க சின்ன எண்ணாக இருக்கிறது. அந்த 75 பக்கத்தைப் பிழை இல்லாமல் படித்துக் கொடுக்க ஆள் வேண்டும் என்பதுதான் இதில் பெரிய நிபந்தனை. படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கும்போதுதான் இயந்திரத்துக்கு வாத்தியார் கிடைப்பார். அவர்கள் ஓய்வுபெற்றுப் போன பிறகு எத்தனை கோடி ஒதுக்கினாலும், சரியா தப்பா என்று சொல்ல ஆள் இருக்காது.

‘ஏற்கெனவே மொழிபெயர்ப்பு இருக்கிறதே?’ என்று கேட்கலாம். இருக்கிறது. 1981-ல் தொடங்கிய தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகம் மோடி ஆவணங்களின் தமிழாக்கத்தைக் குறிப்புரையோடு தொகுதிகளாக வெளியிட்டது. கே.எம். வேங்கடராமையா இந்த ஆவணங்களை வைத்து எழுதிய மராட்டியர் கால அரசியல், சமுதாய வாழ்க்கை பற்றிய நூலையும் 1984-ல் வெளியிட்டது. இன்றைக்கும் இந்தத் துறையில் நுழைகிற யாரும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ஆனா அவை பொருளைத் தமிழில் சொல்பவை. இயந்திரத்துக்கு வேண்டியது தாளில் எந்தக் கோடு எந்த எழுத்து என்ற நேர்ப்பிரதி. அது தனி வேலை.

மகாராஷ்டிரத் தாள்களில் பழகிய ஏஐயை அப்படியே தஞ்சாவூருக்குக் கொண்டுவந்தாலும் சிக்கல் தீராது. இங்கே எழுதியது தமிழ் ஊர்ப் பெயர்கள், தெலுங்குப் பட்டங்கள், பாரசீகத் துறைப் பெயர்கள் எல்லாம் கலந்த தஞ்சாவூர் மராத்தி. ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் பெயரில் 1802-ல் வைத்த சத்திரத்தின் கணக்கில் மரக்காலும் வரும், சக்கரமும் பணமும் வரும். புனேயில் பழகிய இயந்திரம் அங்கே தடுமாறத்தான் செய்யும். அதைவிட ஆபத்து, தடுமாறியது தெரியாமல் அழகான வாக்கியமாக எழுதிக் கொடுத்துவிடுவது. ‘கோடா’ என்ற எழுத்தை 100 சதவீதம் சரியாகப் படித்துவிட்டு, குதிரை என்று மொழிபெயர்த்து, துப்பாக்கிப் பட்டறையை லாயமாக்கிவிடும். யாருக்கும் சந்தேகம்கூட வராது.

அப்ப என்னதான் செய்யணும்?

எங்கள் கருத்து இது. ஏஐ வேண்டும், ஆனா அதற்கு முன்னால் செய்ய வேண்டிய நாலு வேலை இருக்கிறது.

1. படமும் பட்டியலும் பொதுவில் வரட்டும். எந்தக் கட்டில் எந்த வருஷம், எந்தத் துறை என்ற ஒரு வரிப் பட்டியலே பாதித் தேடலை முடித்துவிடும். சரஸ்வதி மகால் 1918-ல் பொது நூலகம் ஆனது. 1983-ல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பெயருக்கு ஏற்ற தேடல் வசதி வாசகர் கேட்க வேண்டிய உரிமைதான்.

2. நேர்ப்பிரதி முதலில், மொழிபெயர்ப்பு பிறகு. ஒவ்வொரு துறையிலிருந்தும் சில பத்துப் பக்கங்களை மோடி தெரிந்தவர்கள் எழுத்துக்கு எழுத்து எடுத்து எழுதட்டும். படிக்க முடியாத இடத்தில் ஊகித்து நிரப்பாமல், ‘தெளிவில்லை’ என்றே குறிக்கட்டும். அதுவே அடுத்த தலைமுறைக்கும் இயந்திரத்துக்கும் பாடநூல்.

3. தொழில் அகராதி. இது மோடி வாசகர் மட்டும் செய்யக்கூடியது இல்லை. பக்கத்தில் ஒரு கொல்லர், ஒரு பாத்திரக்காரர், ஒரு தச்சர், பழைய நெல் மண்டிக் கணக்குப்பிள்ளை உட்கார வேண்டும். பூண், குடை, காது, குதிரை என்று உறுப்புப் பெயர்களை அவர்களிடம்தான் கேட்க முடியும். தஞ்சாவூர் மராத்தியை இன்றும் வீட்டில் பேசுகிற குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் வீட்டுப் பேச்சே ஒரு அகராதி.

4. சம்பளம். மோடி படிப்பது ஒரு வேலை என்றால் அதற்கு மாசச் சம்பளம் வேண்டும். இரண்டு வார வொர்க்ஷாப், ஒரு சான்றிதழ், ஒரு குரூப் போட்டோ போதாது. வரலாறோ மொழியியலோ படித்துவிட்டு ஐடி கம்பெனியில் டேட்டா லேபிள் போடுகிற நம்ம வயசுக்காரர்கள் எத்தனை பேர்! அதே திறமைதான் இங்கேயும் வேண்டும். யாரோ ஒரு கம்பெனிக்காகச் சாலைப் படத்தில் காரைக் கட்டம் போட்டுக் காட்டுகிற பிள்ளைகள், தங்கள் ஊர்த் தாளில் எழுத்தைக் கட்டம் போட்டுக் காட்ட மாட்டார்களா? வேலையாகக் கொடுத்தால் செய்வார்கள்.

செலவு ஆகும்தான். ஆனா ஒரு பழைய கட்டடம் இடிந்தால் நியூஸ் ஆகிறது. ஒரு எழுத்தைப் படிக்கத் தெரிந்த கடைசி சில பேர் ஓய்வுபெற்றால் நியூஸ் ஆவதில்லை. கட்டு அப்படியே அலமாரியில் இருக்கும், பூச்சி மருந்துகூட அடித்திருப்பார்கள், படிக்க மட்டும் முடியாது.

உங்க வீட்டு பரணில் என்ன இருக்கு?

அரண்மனைக் கணக்குக்கு மட்டும் இந்த நிலை இல்லை. கும்பகோணம் பாத்திரக் கடை, மன்னார்குடி மளிகை, நாச்சியார்கோயில் விளக்குப் பட்டறை என்று டெல்டா முழுக்கச் சிட்டாவும் பேரேடும் எழுதிய தலைமுறை ஒன்று இருந்தது. சிட்டா அன்றாட வரவு செலவு, பேரேடு ஆள்வாரிக் கணக்கு. அதில் ‘மே.வீ. அண்ணன் பாக்கி’ என்று இருக்கும். மேலவீதியா, மேட்டு வீடா? தாத்தாவுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. வீடு மாற்றும்போது எடைக்குப் போகிற முதல் பொருள் இந்த நோட்டுகள்தான்.

கையில் போன் இருக்கிறது. பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், அட்டையிலிருந்து வெற்றுப் பக்கம் வரை வரிசையாகப் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் பண்ணவே பண்ணாதீர்கள். இரண்டுமே காலப்போக்கில் தாளைக் கெடுக்கும். யார் எழுதிய நோட்டு, எந்த ஊர், எந்த வருஷம் என்று ஒரு துண்டுச் சீட்டில் பென்சிலால் எழுதி உள்ளே வையுங்கள்.

அதைவிட முக்கியம், வீட்டில் பெரியவர் இருந்தால் ஒரு பக்கத்தை அவரைப் படிக்கச் சொல்லி வாய்ஸ் ரெக்கார்ட் செய்யுங்கள். ‘இது என்ன குறி தாத்தா, இந்தப் பேர் யாரு?’ என்று இடையில் கேளுங்கள். அரை மணி நேரம் போதும். தஞ்சாவூர்க் கட்டுகளை எழுதிய கணக்கர்களிடம் அப்படிக் கேட்க இன்றைக்கு யாராலும் முடியாது. உங்கள் தாத்தாவிடம் இந்த ஞாயிற்றுக்கிழமையே கேட்கலாம்.